மறதிநோயாளியின் சொத்தை ஒருவர் சுரண்டினால்: சட்டப்படி செய்ய வேண்டியவை

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வந்த முதியவரின் சொத்தைக் குறிவைப்பவர் பல குடும்பங்களில் வெளியாள் அல்ல. மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். அண்ணன் மகனாக, வீட்டோடு தங்கிக் கவனித்துக்கொள்ளும் பணியாளராக, "நான் இருக்கேன், கவலைப்படாதீங்க" என்று வந்து சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். பென்ஷன் கையெழுத்து என்று சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் காரில் அழைத்துப்போய் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வாங்குவது, ஏ.டி.எம். அட்டையைத் தன்னிடமே வைத்துக்கொள்வது, பீரோ நகையை அடகு வைப்பது, கைரேகை வைக்கச் செய்து வங்கியில் பணம் எடுப்பது ஆகியவை இதன் வழக்கமான வடிவங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் எந்த வாசலைத் தட்டுவது என்பதை, குறிப்பாக நிலம், வீடு பற்றிய தகராறில், இரண்டு தேதிகள் தீர்மானிக்கின்றன: நோய் புத்தியைப் பாதிக்கத் தொடங்கிய தேதி ஒன்று, கையெழுத்துப் போட்ட தேதி மற்றொன்று. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டையும் சுற்றியே போகும். இங்கே சொல்லப்படுவது தமிழ்நாட்டு நடைமுறை.

முதல் வாரம்: மேலும் போகாமல் தடுப்பது

போனதை மீட்பதற்கு முன் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். சந்தேகப்படும் ஆளிடம் நேராகப் போய்ச் சண்டை போடுவதே பலரும் முதலில் செய்வது. விளைவு: மறுநாளே மீதி ஆவணங்கள் காணாமல் போகும், முதியவர் வேறு ஊருக்குக் கொண்டுபோகப்படுவார். கீழ்க்கண்ட வேலைகள் முடியும்வரை வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

1. முதியவர் உடல்ரீதியாகப் பாதுகாப்பாக இருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். அடி, பட்டினி, மருந்து மறுப்பு, அறையில் பூட்டிவைத்தல் இருந்தால் சொத்துக் கணக்கு அப்புறம். உடனே 112-ஐ அழைக்க வேண்டும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும்.
2. மருத்துவச் சான்றின் நகலை இணைத்து வங்கிக் கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். மூன்றாம் நபர் சொன்னதற்காகக் கணக்கை முடக்க முடியாது என்று வங்கி சொல்லக்கூடும். ஆனாலும் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் கைரேகை வைத்துப் பெருந்தொகை போனால், "எங்களுக்குத் தெரியாது" என்று வங்கியால் சொல்ல முடியாது.
3. கூட்டுக் கணக்காக இருந்தால், கூட்டுக் கணக்குதாரர் எழுத்தில் கேட்டு, தனியாள் பணம் எடுப்பதை நிறுத்திவைக்கச் சொல்லலாம்.
4. ஆதாரின் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டிவைக்கும் வசதி எம்-ஆதார் செயலியில் உள்ளது. பதிவு செய்த கைப்பேசி எண் யார் கையில் இருக்கிறது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். ஓ.டி.பி. போகும் இடம்தான் உண்மையான சாவி.
5. இணையவழியில் பணம் போயிருந்தால் 1930-க்கு அன்றைக்கே சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தாலும் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும்.
6. சொத்து இருக்கும் எல்லைக்குரிய சார்பதிவாளருக்கு, மருத்துவச் சான்றோடு ஆட்சேபணை மனு கொடுக்க வேண்டும். எழுதிக்கொடுப்பவர் புத்தி சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்கும்படி 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு சொல்கிறது. பட்டா மாற்றத்தைத் தடுக்க வட்டாட்சியருக்கும் தனி மனு தேவை.

நோயின் தேதியை நிறுவுவது

'டிமென்ஷியா' என்று மருத்துவர் எழுதிய ஒரு சீட்டு மட்டும் வழக்கை வெல்லாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு நோயின் பெயரைக் கேட்கவில்லை. ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில், அது இன்னதென்று புரிந்துகொண்டு, தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்து முடிவெடுக்க முடிந்ததா என்றுதான் கேட்கிறது. ஆரம்ப நிலை மறதிநோயாளி ஒருவர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தாலும், வீட்டை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைத் தெளிவாக அறிந்திருக்கலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் எடுக்கும் முதல் வாதம் இதுதான்.

ஆகவே தேதி வாரியான தடயம் வேண்டும். நரம்பியல் அல்லது மனநல மருத்துவரின் பழைய மருந்துச்சீட்டுகள், மூளை ஸ்கேன் அறிக்கை, 30 மதிப்பெண்ணுக்கு நடத்தப்படும் எம்.எம்.எஸ்.இ. போன்ற நினைவுச் சோதனையின் முடிவுகள், மருத்துவமனையில் சேர்ந்த, வீடு திரும்பிய குறிப்புகள் ஆகிய அனைத்தும் சேர வேண்டும். பத்திரம் பதிவான நாளுக்கு முன்னும் பின்னும் சோதனை முடிவுகள் இருந்தால், இடைப்பட்ட நாளின் நிலையை மருத்துவ சாட்சி நம்பகமாகச் சொல்ல முடியும். இதுவரை சோதனையே நடக்கவில்லை என்றால் உடனே நடத்த வேண்டும். இன்றைய மதிப்பெண் நேற்றைய நிலையை முழுமையாகச் சொல்லாது. சோதனை ஒத்திப்போகும் ஒவ்வொரு மாதமும் பழைய நிலை பற்றிய ஊகம் மேலும் பலவீனமாகும்.

மருத்துவம் சாராத சான்றுகளுக்கும் மதிப்பு உண்டு. வீட்டுக்கு வழி தெரியாமல் போலீஸ் கொண்டுவந்து விட்டது, ஒரே மின்கட்டணத்தை மூன்று முறை கட்டியது, இறந்த மனைவி எங்கே என்று உறவினரிடம் கேட்டது ஆகியவற்றைத் தேதி, இடம், பார்த்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வீடியோ எடுப்பதானால் சுருக்கமாக, இயல்பான பேச்சாக இருக்கட்டும். "இந்தப் பத்திரத்துல நீங்க கையெழுத்துப் போட்டீங்களா, இல்லைதானே?" என்று பதிலைக் கேள்வியிலேயே ஊட்டும் வீடியோவால் நன்மையைவிடக் கேடுதான் அதிகம்.

பத்திரங்களைத் திரட்டுவது

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். வீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஊரில் இருக்கும் நஞ்சையை மறந்துவிடுவது சகஜம். சந்தேகப் பதிவு தென்பட்டால் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்க வேண்டும். நகலில் பார்க்க வேண்டிய இடம் பின்பக்கக் குறிப்புகள்: எந்த நாள், எத்தனை மணிக்குத் தாக்கலானது, சாட்சிகள் யார், எழுதியவர் யார், பதிவு அலுவலகத்தில் நடந்ததா, வீட்டுக்கு வந்து நடந்ததா. சாட்சிகள் இருவரும் பயன்பெற்றவரின் நண்பர்களாக இருப்பது, முதியவர் மருத்துவமனையில் படுத்திருந்த நாளில் பதிவு நடந்திருப்பது போன்றவை இங்கேதான் அகப்படும்.

கையெழுத்து நோய்க்கு முந்தியது என்றால்: தீர்ப்பாயம்

தெளிவாக இருந்த காலத்தில், "என்னைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவான்" என்று நம்பி மகனுக்கு வீட்டை எழுதிக்கொடுத்தார். நோய் வந்தபின் மகன் கவனிக்கவில்லை. இந்த வகைக்குப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007-இன் 23-ஆம் பிரிவு பொருந்தும். அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாகவோ வற்புறுத்தலாகவோ நடந்ததாகக் கருதப்பட்டு ரத்தாகலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம்.

பத்திரத்தில் நிபந்தனை எழுதப்படவில்லை என்றால் என்ன என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. இந்தச் சட்டம் முதியோர் நலனுக்கானது, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. அன்பின் காரணமாக எழுதிக்கொடுத்ததிலேயே பராமரிக்கும் நிபந்தனை மறைமுகமாக இருக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்ற அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் மனு கொடுப்பவர் இந்தக் கடைசித் தீர்ப்பை மனுவிலேயே குறிப்பிடுவது பயன் தரும்.

மறதிநோயாளிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரத்துக் கோரும் உரிமை எழுதிக்கொடுத்தவருக்கு உரியது. அவரால் மனுவையே புரிந்துகொள்ள முடியாத நிலை. இதற்குச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள், பலர் கவனிப்பதில்லை: முதியவர் தன் உரிமையைத் தானே நிலைநாட்ட இயலாதபோது, பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு அவர் சார்பில் நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது 23-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. மாதப் பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவையோ தீர்ப்பாயம் தானாகவேகூட எடுத்துக்கொள்ளலாம்.

வயதையும் பார்க்க வேண்டும். 23-ஆம் பிரிவு 60 வயது நிறைந்தவர்களுக்கே. ஐம்பதுகளிலேயே மறதிநோய் வந்தவர், பெற்றோர் என்ற முறையில் பராமரிப்புத் தொகை கேட்கலாம். சொத்து ரத்துக்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

கையெழுத்து நோய்க்குப் பிந்தியது என்றால்: உரிமையியல் நீதிமன்றம்

புத்தி சுவாதீனமற்றவர் செய்த ஒப்பந்தம் செல்லாது. முழுமையாக அந்த நிலைக்குப் போகாவிட்டாலும், வயதாலோ நோயாலோ மனத்திறன் குறைந்தவரைத் தன் பிடியில் வைத்திருந்தவர் நியாயமற்ற ஆதாயம் பெற்றிருந்தால், அது ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்லும் தகாத செல்வாக்கு. பேரம் அப்பட்டமாக ஒருதலைப்பட்சமாகத் தெரிந்தால், முறையாகத்தான் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு பயனடைந்தவர் தலையில் விழுகிறது. ஆரம்ப நிலை நோயாளிகளின் வழக்கில் இந்த இரண்டாவது வாதம்தான் பலமானது; மனுவில் இரண்டையும் மாற்றுவாதங்களாகச் சேர்த்தே எழுதச் சொல்ல வேண்டும்.

1. வழக்கு முதியவரின் பெயரில் இருக்க வேண்டும். அவர் சார்பில் நடத்துபவரை வழக்கறிஞர்கள் 'நெக்ஸ்ட் ஃபிரெண்ட்' என்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளை, 15-ஆம் விதி இதற்கு இடமளிக்கிறது. முதியவரால் தன் நலனைத் தானே காக்க முடியவில்லை என்று நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும்.
2. பிள்ளைகள் தங்கள் பெயரில் "எங்கள் பங்கு போகிறது" என்று போடும் வழக்கு, தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் நிற்காது. அவர் உயிரோடிருக்கும்வரை அதில் வாரிசுக்கு உரிமை கிடையாது. பூர்வீகச் சொத்து என்றால் கதை வேறு.
3. பத்திரத்தை ரத்து செய்யும் கோரிக்கையோடு, மேற்கொண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்று இடைக்காலத் தடை மனுவும் அன்றே தாக்கலாக வேண்டும். தடை கிடைத்தால் அதன் நகலைச் சார்பதிவாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.
4. காலவரம்பு, ரத்துக்கு அடிப்படையான விவரம் தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டு. புத்தி சுவாதீனம் இல்லாதவருக்குக் காலவரம்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சலுகை தருகிறது. அதை நம்பிச் சும்மா இருப்பது வீண் ஆபத்து.

நீதிமன்றக் கட்டணம் சொத்தின் மதிப்பைப் பொறுத்து வரும். சென்னை, கோவை வீடுகளுக்கு அது சுமைதான். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தாய்க்காக வழக்கு நடத்துபவர் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பணம், நகை, போலிக் கையெழுத்து: காவல் நிலையம்

ஒப்படைத்த பணத்தையோ நகையையோ தனதாக்கினால் நம்பிக்கை மோசடி. பொய் சொல்லிச் சொத்து எழுதி வாங்கினால் ஏமாற்றுதல். முதியவரின் கையெழுத்தைத் தானே போட்டால் பொய்யாவணம். பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையே 316, 318, 336 ஆகிய பிரிவுகள். வேலைக்கு வைக்கப்பட்டவர் திருடினால் 306. 7 ஆண்டு வரை சிறை. இயலாதவரைக் கவனிக்கச் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொண்டு வேண்டுமென்றே கைவிடுபவருக்கு 357-ஆம் பிரிவு இருக்கிறது. தண்டனை சிறியது என்றாலும் ஹோம் நர்ஸ் விஷயத்தில் உதவும். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும்.

புகாரில் அழுகையும் ஆத்திரமும் வேண்டாம். தேதி, தொகை, கணக்கு எண், கிளை, ஆவண எண் என்று வரிசையாக ஒன்றரைப் பக்கம் போதும். நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்பக்கூடாது. வழக்குப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகாரை அனுப்ப வேண்டும். அதிலும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. இந்த வரிசையைத் தாண்டி நேரே நடுவரிடம் போனால் மனு திரும்பிவரும்.

"இது குடும்பத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்க" என்ற பதில் நிலையத்தில் வரத்தான் செய்யும். அதில் பாதி உண்மையும் உண்டு: குற்றவழக்கு ஒருவரைத் தண்டிக்கலாம், ஆனால் பதிவான பத்திரத்தை அது ரத்து செய்யாது. சொத்தை மீட்க உரிமையியல் வழக்கு தனியாக நடந்தாக வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்து, சுரண்டுபவர் ஒரே வீட்டில் வாழும் உறவினராக இருந்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005 எளிய வழி. பொருளாதாரக் கொடுமை அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அவர் சார்பில் வேறொருவரும் மனு கொடுக்கலாம். முதியவரையே ஒளித்துவைத்து யாரையும் பார்க்கவிடாமல் செய்தால் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு உண்டு.

'பவர்' வைத்திருப்பவர்

"எனக்கு அப்பா பவர் கொடுத்திருக்கார்" என்ற வாக்கியத்துக்கு ஊரில் இருக்கும் மரியாதை சட்டத்தில் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் சாதாரண அதிகார ஆவணம் அத்தோடு முடிகிறது. ஆனால் அது முடிந்தது தெரியாமல் நடந்துகொண்ட மூன்றாம் நபருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதனால்தான் வங்கிக்கும் சார்பதிவாளருக்கும் வாங்க வரும் தரப்புக்கும் எழுத்தில் தெரிவிப்பது அவசியமாகிறது. இதன் மறுபக்கம் நல்லெண்ணத்தோடு கவனிப்பவரையும் பாதிக்கும்: நோய் முற்றியபின் பழைய பவரை வைத்து அவர் செய்யும் விற்பனையும் அதே காரணத்தால் கேள்விக்குள்ளாகும்.

நிரந்தர ஏற்பாடு: உயர்நீதிமன்றக் காப்பாளர்

முதியவரின் சொத்தை இனி யார் நிர்வகிப்பது என்ற கேள்விக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் விடை இல்லை. சிகிச்சை முடிவுகளுக்கு உதவப் பிரதிநிதியை நியமிக்க அது வழி செய்கிறது. சொத்து மேலாளரை நியமிக்கும் பழைய ஏற்பாடு 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் சிறார்களுக்கு. தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றோடு நிற்கிறது. மறதிநோயாளிக்காக அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள குழுவிடம் போய்க் காலம் கழிப்பதில் பயனில்லை.

மிஞ்சுவது அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. கோமாவில் இருப்பவர்களுக்காகக் கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் வகுத்த நெறிமுறைகள் இதற்கு முன்மாதிரியாகப் பயன்படுகின்றன: மருத்துவக் குழுவின் அறிக்கை, வருவாய்த்துறை விசாரணை, சொத்துப் பட்டியல், மற்ற வாரிசுகளின் நிலைப்பாடு, அதன்பின் காப்பாளர் அவ்வப்போது கணக்குக் காட்டுதல். செலவும் அலைச்சலும் உள்ள வழிதான். ஆனாலும் சொத்து பெரிதாக இருந்து பிள்ளைகள் ஒருவரையொருவர் நம்பாத வீட்டில் இதைத் தள்ளிப்போடுவது சரியல்ல. நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டும் காப்பாளர் மீது பழி சுமத்துவது கடினம். தனக்குத்தானே பொறுப்பெடுத்துக்கொண்டவர் மீது சுமத்துவது மிக எளிது.

வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

மிக மோசமானது எதிர்ப்பத்திரம். அண்ணன் எழுதி வாங்கிவிட்டான் என்று தம்பி அதே தந்தையை அழைத்துப்போய் ரத்துப் பத்திரத்திலோ புதிய உயிலிலோ கையெழுத்து வாங்குகிறார். அதன்மூலம் தந்தைக்குப் புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறது என்று தம்பியே எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஏற்கெனவே பிறர் பெயருக்குப் போன சொத்தை ஒருதலைப்பட்ச ரத்துப் பத்திரம் பொதுவாக மீட்டுத் தராது என்பது தனி.

- மீதி நகையைப் 'பாதுகாப்புக்காக' எடுத்துவைப்பவர், சாட்சிகள் முன் பட்டியலிட்டு, படம் எடுத்து, எல்லா வாரிசுகளுக்கும் அனுப்பாவிட்டால், அடுத்த புகார் அவர் மேல் வரும்.
- முதியவரை ஒவ்வொரு அலுவலகத்துக்கும் இழுத்துப்போவது அவரைக் குழப்பி, தவறான வாக்குமூலத்தில் முடியும். வீட்டிலேயே அவரைப் பார்க்க ஆணையர் ஒருவரை நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.
- ஊர்ப் பெரியவர்கள் முன் 'சமாதானம்' எழுதி முதியவரைக் கையெழுத்திடச் செய்யக்கூடாது. அந்தத் தாளும் அதே காரணத்தால் செல்லாது.

முதியவர் இறந்தபின் தெரியவந்தால்

இறந்தபின் தெரியவரும் சுரண்டல் பெரும்பாலும் உயிலாக வெளிவரும். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 59-ஆம் பிரிவு, தான் செய்வது இன்னதென்று அறியாத நிலையில் இருப்பவர் உயில் எழுத முடியாது என்கிறது. உயிலை நம்பி வருபவரே சந்தேகச் சூழல்களை விளக்கியாக வேண்டும் என்பது 1959-இலிருந்து உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவரும் விதி: பயனடைபவரே உயில் எழுத ஓடியாடியது, நடுங்கும் கையெழுத்து, மற்றப் பிள்ளைகளைக் காரணமின்றி விலக்கியது எல்லாம் அந்தச் சூழல்களில் அடங்கும். உயிலை முன்வைத்து யாராவது நீதிமன்றம் போகக்கூடும் என்று தோன்றினால், தன்னைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று கோரும் கேவியட் மனு போட்டுவைக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவுப்படி போடும் கேவியட் 90 நாள் மட்டுமே செல்லும், அதன்பின் புதுப்பிக்க வேண்டும். செட்டில்மென்ட், கிரயப் பத்திரங்களைப் பொறுத்தவரை, இறந்தபின் வாரிசுகள் தங்கள் பெயரிலேயே வழக்குத் தொடரலாம். நோயின் தேதிக்காகத் திரட்டிய மருத்துவ ஆவணங்களே அங்கும் முதன்மைச் சான்று. மருத்துவமனைகள் பழைய பதிவுகளை எல்லாக் காலத்துக்கும் வைத்திருப்பதில்லை என்பதால், அவற்றின் நகலுக்கு முதல் மாதத்திலேயே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.